சுவிட்ச் கெட்டால்: நாமே மாற்றுவதா, ஆளைக் கூப்பிடுவதா, போர்டையே பெயர்ப்பதா?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி கரண்ட் சம்பந்தப்பட்டவைதான். இந்த வாரம் மூன்று வந்தன. கடலூர் முதுநகரில் ஓர் அக்கா வீட்டில் கூடத்து ஃபேன் சுவிட்சை அழுத்தினால் நிற்பதில்லை, திரும்ப மேலே துள்ளிவிடுகிறது. "எண்பது ரூபா சாமான், இதுக்குப் போய் ஆளைக் கூப்பிடணுமா?" என்று கேட்கிறார். புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பிக்கு, இண்டக்‌ஷன் அடுப்பு சொருகும் பிளக் பாயின்ட்டில் கருகல் வாடை. மூன்றாமவர் தேவனாம்பட்டினம் பக்கம் நாற்பது வருட வீட்டில் இருக்கும் பெரியவர். "வருஷத்துக்கு மூணு சுவிட்ச் மாத்தறேன். மொத்தமா மாத்திடலாமா, இல்ல இப்படியே ஓட்டலாமா?"

மூவருக்கும் கெட்டது ஒரு சுவிட்சோ பிளக்கோதான். ஆனால் மூவருக்கும் ஒரே பதில் சொன்னால் ஒருவருக்காவது ஆபத்தாகிவிடும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

உடைந்ததா, உருகியதா? முதலில் இதைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தோ, பிளாஸ்டிக் விண்டோ போனால் கெட்டது சுவிட்ச் மட்டும்தான். பழுப்பு நிறம் ஏறியிருந்தால், முகம் நெளிந்திருந்தால், கருகல் வாடையோ மீன் வாடை போன்ற ஒரு நாற்றமோ வந்தால், அங்கே சூடு ஏறியிருக்கிறது. அந்தச் சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன், இல்லையென்றால் தாங்காத லோடு. சுவிட்சை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

எத்தனை வாட் இழுக்கிறது? நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். சின்ன பிளக் 6 ஆம்பியர், அதாவது சுமார் 1,380 வாட் வரை. பெரிய பிளக் 16 ஆம்பியர், சுமார் 3,680 வாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி சின்னதில் ஓடும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் கீசரும் பெரியதில்தான் ஓட வேண்டும்.

எப்போது கட்டிய வீடு? வயர் செம்பா, அலுமினியமா? எர்த் இருக்கிறதா? ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் கருவி, இருக்கிறதா?

கரண்டை முழுவதுமாக நிறுத்த முடியுமா? மெயினை இறக்கினால் போதும் என்று நினைக்கிறோம். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அது போதாது. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டு வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்திய மின் விதிகளின் 45-ஆவது விதியிலேயே ஒரு விலக்கு இருந்தது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, அமைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றிக்கொள்ளலாம். 2010-இல் வந்த விதிமுறைகளும் இதே போக்கில்தான் இருந்தன. அதாவது 6 ஆம்பியர் சுவிட்சைக் கழற்றி 6 ஆம்பியர் சுவிட்ச் போடுவது உங்கள் வேலை. 6 ஆம்பியர் பிளக் இருந்த இடத்தில் 16 ஆம்பியர் பிளக் போடுவது உங்கள் வேலை இல்லை. இந்தக் கோடு நியாயமானது என்பதே என் எண்ணம். பின்னால் இருப்பது 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடிமனுள்ள மெல்லிய வயர் என்றால், பெரிய பிளக்கைப் பார்த்து பெரிய லோடு சொருகுவோம், வயர் சுவருக்குள்ளேயே வேகும்.

## கடலோரம் என்பதால் கூடுதலாக ஒன்று

உப்புக் காற்று நம் ஊர் சுவிட்ச் போர்டுக்குள் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை திறந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். போன மாதம் வைத்திக்குப்பத்தில் ஓர் உறவினர் வீட்டு பிளக்கைக் கழற்றினோம். வெளியே வலது துளையைச் சுற்றி ஒரு பொட்டு அளவுக்குப் பழுப்பு, அவ்வளவுதான். உள்ளே திருகாணித் தலையில் துரு. செம்புக் கம்பியின் நுனியில் பச்சையாகக் களிம்பு. கம்பி மேல் இருந்த சிவப்புத் தோல் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கறுத்துக் காய்ந்து, நகத்தால் தொட்டதும் முறுக்குத் துண்டு போல உதிர்ந்தது. திருகாணியைத் திருப்புளியால் தொட்டதுமே அரைச் சுற்று சுலபமாக இறங்கியது. அந்த அளவுக்கு லூஸ்.

களிம்பு ஏறிய இடத்தில் கரண்ட் போகத் தடை அதிகம். தடை இருந்தால் சூடு, சூட்டில் உலோகம் விரிந்து சுருங்கி இன்னும் லூஸ். இதற்கு மேல் மழைக்காலச் சுவர் ஓதம் வேறு. 2015 வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய கடலூர் வீடுகளில், பிளக் மட்டத்துக்குக் கீழே இருக்கும் பெட்டிகளை அதற்குப் பிறகு யாராவது திறந்து பார்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் இல்லை என்றுதான் பதில் வரும்.

## வழி ஒன்று: நாமே மாற்றுவது

செலவு, பொருளின் விலை மட்டும். நேரம், பழக்கமில்லாத கைக்கு முக்கால் மணி. மறைந்திருக்கும் செலவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒரு நல்ல டெஸ்டர், சரியான முனையுள்ள திருப்புளி, கட்டிங் பிளேயர் மூன்றும் வேண்டும். மாடுலர் சுவிட்ச் என்றால் ஒரு கம்பெனியின் சுவிட்ச் இன்னொரு கம்பெனியின் பிளேட்டில் பெரும்பாலும் உட்காராது. பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் வழி. அப்படிப் போகும்போது அறுந்து தொங்கும் வயரோடு மெயினைத் திரும்ப ஏற்றக் கூடாது. அதனால் முதல் நாளே பிளேட்டையும் சுவிட்சையும் நெருக்கமாகப் படம் எடுத்து, கடையில் காட்டி வாங்கி வந்துவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். சுவிட்சுக்கு ஐ.எஸ். 3854, பிளக்குக்கு ஐ.எஸ். 1293.

இன்வெர்ட்டர் விஷயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதற்கு அடுத்த வாரம். எங்கள் வீட்டுப் படுக்கையறையில் ஒரு சுவிட்ச் வேலை செய்யவில்லை. மெயினை இறக்கினேன். கூடத்தில் டியூப்லைட் எரிந்துகொண்டேதான் இருந்தது. கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை. பிளேட்டைக் கழற்றி, சுவிட்சை வெளியே இழுத்தேன். இடது கை விரல் பக்கவாட்டுத் திருகாணியில் பட்டது. முழங்கை வரை உதறி எறிந்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததும், மறுகை எதையும் தொட்டுக்கொண்டிருக்காததும்தான் என்னைக் காப்பாற்றின. அந்த போர்டு இன்வெர்ட்டர் லைன். மெயினை இறக்கிய அடுத்த நொடியே பேட்டரியில் இருந்து அதே 230 வோல்ட் அங்கே வந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் மாற்றாமல் கடைப்பிடிக்கும் முறை இது:

1. கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். பழைய வீடு என்றால் ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) என்றால் இறக்கி, மேலே டேப் ஒட்ட வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.
2. இன்வெர்ட்டரை அதன் முன்பக்க சுவிட்சில் அணைத்து, வீட்டில் எந்த விளக்கும் ஃபேனும் ஓடவில்லை என்று ஒவ்வொரு அறையாகப் பார்க்க வேண்டும். மாடியில் சோலார் இருந்தால் அதையும்.
3. அதே டெஸ்டரை, இறக்கிய பிறகு கெட்ட போர்டின் எல்லாத் திருகாணியிலும் வைத்துப் பார்க்க வேண்டும், கறுப்பு வயரிலும் கூட. வேலை செய்யாத டெஸ்டர், கரண்ட் இல்லை என்றுதான் காட்டும்.
4. பிளேட் திறந்ததும் ஒரு படம். பிறகு ஒரு வயரைக் கழற்றி, அதைப் புதியதில் மாட்டி, அடுத்த வயருக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால், ஒரு சுவிட்சில் இருந்து அடுத்ததற்குப் போகும் லூப் வயர் எது என்று தெரியாமல் போய்விடும்.
5. கறுத்த நுனியை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும் வரை தோலுரிக்க வேண்டும். முறுக்கி, உள்ளே விட்டு, இறுக்கி, பிறகு வயரை இழுத்துப் பார்க்க வேண்டும். துளைக்கு வெளியே செம்பு தெரியக் கூடாது.
6. பிளக் என்றால், நேராக நின்று பார்க்கும்போது வலது பக்கம் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), இடது பக்கம் நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்), மேலே பெரிய துளை எர்த்.
7. பிளேட்டை மூடிய பிறகே மெயினை ஏற்ற வேண்டும். லோடு போட்டு கால் மணி ஓடவிட்டு, பிளக்கை உருவி, பின்னைத் தொட்டுப் பார்க்காமல் பிளக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. சூடு என்றால் சரியில்லை.

பழைய வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்கிறேன். கையில் இருந்த வயரைப் போட்டு முடித்த வீடுகள் நிறைய உண்டு. சில வீடுகளில் சுவிட்ச், ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டும். அங்கே சுவிட்சை அணைத்தாலும் பல்பு ஹோல்டரில் கரண்ட் நிற்கும். நிறத்தை நம்பாமல் டெஸ்டரைப் பாருங்கள்.

இந்த வழி யாருக்கு? செம்பு வயர், கருகல் இல்லை, 6 ஆம்பியர் சுவிட்ச், ஓதமில்லாத சுவர், கரண்டை முழுசாக நிறுத்தத் தெரியும். இவை எல்லாம் பொருந்தினால் தாராளமாகச் செய்யலாம். திறந்து பார்த்ததும் உள்ளே கருகியிருந்தால், வெள்ளி நிறத்தில் அலுமினியக் கம்பி தெரிந்தால், மூடிவிட்டு அடுத்த வழிக்குப் போங்கள். பழைய அலுமினியக் கம்பி இரண்டு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் நீளம் போதாது. அதோடு செம்பைச் சேர்த்து முறுக்கினால் உப்புக் காற்றில் அந்த இணைப்பு சீக்கிரமே அரித்துப்போகும்.

## வழி இரண்டு: எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது

பணம் அதிகம். பொருளைவிடக் கூலி பல மடங்கு இருக்கும். ஒரு சுவிட்சுக்கு வருவதென்றால் பெரும்பாலானவர்கள் "சாயந்திரம் பார்க்கிறேன்" என்பார்கள், புயல் முடிந்த வாரத்தில் அதுவும் கிடைக்காது. ஈ.பி. ஆளையோ, புதுச்சேரி என்றால் மின்துறை ஆளையோ கேட்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் இருப்பது நம் பொறுப்பு.

இந்த வழியின் மறைந்த செலவு, வந்தவர் வெறும் சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டுப் போவது. கூலியும் கொடுத்து, கெட்ட காரணமும் அப்படியே இருக்கும். அதனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "அண்ணே, வயர் நுனி கறுத்திருந்தா வெட்டிட்டுப் போடுங்க. எர்த் வருதான்னும் பார்த்துடுங்க." பழைய பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்தத் துளைப் பக்கம் கருகியிருக்கிறது என்று அவர் காட்ட வேண்டும்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வெறுமனே விட்ட எர்த் பின்னை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், நியூட்ரலில் இருந்தே ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்குப் போட்டுவிடுவது. நியூட்ரல் எங்காவது அறுந்தால், கிரைண்டரின் உடம்பிலேயே கரண்ட் வந்து நிற்கும். இப்படிச் செய்ய முனைபவரையும், "பழக்கம்தான், ஒண்ணும் ஆகாது" என்று மெயினை அணைக்காமல் கை வைப்பவரையும் அன்றே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். நம் வீட்டில் ஒருவர் உயிர் போகும் அபாயத்தை அவருடைய தைரியத்துக்காக நாம் ஏற்கக் கூடாது.

கருகிய பிளக், 16 ஆம்பியர் பாயின்ட், கீசர், ஏ.சி., மோட்டார், குளியலறைப் பக்கச் சுவர், தொட்டால் ஜிவ்வென்று இழுக்கும் சுவர், அலுமினிய வயர்: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிதான். காசு மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

## வழி மூன்று: போர்டையும் வயரையும் புதிதாகப் போடுவது

கூலியும் பொருளும் மட்டும் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். கன்சீல்டு வயரிங், அதாவது சுவருக்குள் பதித்த வயரிங் என்றால் சுவரில் காடி வெட்ட வேண்டும், பூச வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். கொத்தனார் ஒருவர், பெயின்டர் ஒருவர். ஒரு வாரத்துக்கு வீடு முழுக்கத் தூசி. பழைய குழாய்க்குள் புது வயர் இழுக்க முடிந்தால் இதில் பெரும்பகுதி மிச்சம். முதலில் அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால், சுவருக்கு மேலேயே பி.வி.சி. பட்டி அடித்து ஓட்டலாம். அழகு கொஞ்சம் குறையும். ஆனால் ஓதம் அடிக்கும் கடலோரச் சுவருக்கு அதுதான் நல்லது என்பேன். வயர் சுவரின் ஈரத்தோடு ஒட்டாது, கோளாறு வந்தால் மூடியைத் திறந்து பார்த்துவிடலாம்.

விளக்குக்கு ஒன்றரை ஸ்கொயர், பெரிய பிளக்குக்கு இரண்டரை, ஏ.சி.க்கு நாலு என்று பிரித்துப் போடுவார்கள். இந்த வேலையோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றும். போட்ட பிறகு அடிக்கடி விழுகிறது என்று அதை நீக்கச் சொல்லும் வீடுகள் உண்டு. விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது, அல்லது இன்வெர்ட்டரின் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அதைத் தேடிச் சரிசெய்வதற்கும் சேர்த்தே கூலி பேசுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

## அப்படியே விட்டுவிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டால்?

பலர் உண்மையில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். மொபைல் சார்ஜருக்கு, ஆள் வரும் வரை இரண்டு நாள் என்றால் சரி. இண்டக்‌ஷன் அடுப்பையோ ஹீட்டரையோ அதில் சொருகினால், கருகல் சுவரில் இருந்து தரைக்கு இடம் மாறும். கெட்ட பாயின்ட்டின் எம்.சி.பி.யை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

## ஒரே பார்வையில்

| | நாமே | எலக்ட்ரீஷியன் | புது போர்டு, வயர் |
|---|---|---|---|
| பொருந்தும் நிலை | உடைந்த சுவிட்ச், தளர்ந்த 6 ஆம்பியர் பிளக் | கருகல், 16 ஆம்பியர், ஷாக், அலுமினிய வயர் | அடிக்கடி பல இடங்களில் கெடுவது, எர்த் இல்லாத வீடு |
| செலவு | பொருள் விலை | பொருள் விலையோடு பல மடங்கு கூலி | எல்லாவற்றையும்விட அதிகம் |
| மறைந்த செலவு | கருவிகள், பொருந்தாத பிளேட் | காத்திருப்பு, காரணம் பார்க்காமல் போவது | கொத்து வேலை, பெயின்ட், சில நாள் கரண்ட் இல்லாமை |
| ஆபத்து | இன்வெர்ட்டர் லைன், தவறான லூப் | அரைகுறை ஆள் | மலிவு வயர் |
| வாடகை வீட்டில் | சுவிட்ச் மட்டும் | வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு | வீட்டுக்காரர் வேலை |

## கேட்டவர்களுக்கு

முதுநகர் அக்கா, உங்களுடையது ஸ்பிரிங் போன சுவிட்ச். கருகல் இல்லை என்றும், இன்வெர்ட்டர் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வழி ஒன்று. பையன் பக்கத்தில் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை இறக்க வேண்டும், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதை அவனிடம் சொல்லி வையுங்கள்.

லாஸ்பேட்டை தம்பி, அந்த பிளக்கில் இன்று இரவு சமைக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது 6 ஆம்பியர் பாயின்ட். பெரிய பின்னை ஒரு மாற்று பிளக் வழியாகச் சொருகியிருக்கிறீர்கள். 2,000 வாட்டுக்கு ஒன்பது ஆம்பியர் அளவில் இழுக்கும். அந்தக் கருகலைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி, மெயின் போர்டில் இருந்து இரண்டரை ஸ்கொயர் வயரில் தனி லைன் கேளுங்கள். கூலியில் பாதி நீங்கள் தருவதாகச் சொன்னாலும் நஷ்டமில்லை.

ஐயா, உங்களுக்குச் சொல்வதற்கு நான் கொஞ்சம் யோசித்தேன். மொத்தமாக மாற்ற இப்போது பணம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வயர் அலுமினியம் என்பதால் வழி மூன்றுதான் முடிவில் வேண்டியது. ஆனால் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. மழை வலுக்கும் முன் எர்த் குழியைப் பார்க்கச் சொல்லி, ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். தை பிறந்து சுவர் காய்ந்த பிறகு சமையலறையும் குளியலறையும். மற்ற அறைகள் அடுத்த வருடம், பட்டி அடித்து. அதுவரை சுவிட்ச் ஏதாவது போனால் நீங்கள் திறக்காதீர்கள், அந்தக் கம்பி இன்னொரு வளைப்பைத் தாங்காது.